மழைக்காலமும் முதல் கயிற்றுக் குகைப் பயணமும்: எப்போது, எங்கே, எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: மலையடிவாரம் (கிருஷ்ணகிரி)

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வார இறுதிகளில் சேர்ந்து மலையேறும் ஆறு பேர் கொண்ட குழு எங்களுடையது. கயிற்றில் இறங்கிக் குகைக்குள் சென்று, அதே கயிற்றில் ஏறி வெளியே வரும் பயணம் ஒன்றை மேற்கொள்ள வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. எங்களில் இருவர் பெங்களூருவில் செயற்கை ஏறுசுவரில் பயிற்சி பெற்றவர்கள். மற்ற நால்வருக்கும் கயிறு புதிது. குகைக்குள் கயிறு கட்டி இறங்கிய அனுபவம் ஒருவருக்கும் இல்லை.

ஆறு பேருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பது ஆயுத பூஜையை ஒட்டிய நாள்களில்தான். அதனால் அக்டோபர் தொடக்கத்தில் மேகாலயா சென்று, சோரா (செரபுஞ்சி) பகுதியில் வழிகாட்டிகளுடன் இறங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். அந்த நேரத்தில் அங்கே மழை எந்த அளவுக்குத் தடையாக இருக்கும்? மழை பெய்தால் மாற்றுத் திட்டம் ஒன்றை எப்படி வகுத்துக்கொள்வது? அதற்கு முன்பாக நம் மாவட்டங்களிலேயே பயிற்சி எடுக்க முடியுமா? செப்டம்பரில் இங்கே மாலைதோறும் இடியுடன் மழை பிடித்துக்கொள்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் கரடுகளில் இருக்கும் பாறைப் புடவுகளில் தொடங்கலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பாறையேறி (ஓசூர்)

ஐயா, வணக்கம். முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். அக்டோபர் தொடக்கம் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வழக்கமாக அக்டோபர் நடுவில்தான் விலகுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் பகுதி சோரா. நம் தருமபுரியில் ஓராண்டு முழுவதும் பெய்வது 1,000 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மழை நின்ற பிறகும் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் தேங்கிய நீர் பல நாள்களுக்குக் குகைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியில் குகைகளை அளந்து வரைபடமாக்கும் பணி நவம்பர் முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில், பெரும்பாலும் பிப்ரவரியில் நடப்பதற்கு இதுவே காரணம். ஷில்லாங்கில் உள்ள மேகாலயா சாகசச் சங்கம் 1992 முதல் இந்தப் பணியில் ஈடுபட்டிருக்கிறது. ஜெயந்தியா மலைகளில் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கிரெம் லியாட் பிரா போன்ற குகைகள் உலகுக்குத் தெரியவந்ததும் இத்தகைய பயணங்களால்தான்.

நீங்கள் ஜனவரி இறுதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறை நீளமாக இருந்தாலும், மாட்டுப் பொங்கலையும் எருது விடும் விழாவையும் விட்டுவிட்டு நம் ஊரார் ஆறு பேர் ஒன்றாகக் கிளம்புவது நடவாத காரியம். குடியரசு நாளை ஒட்டி மூன்று நாள் விடுப்பு எடுத்தால், பெங்களூருவிலிருந்து குவாஹாட்டிக்கு விமானம், அங்கிருந்து ஷில்லாங்கிற்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சாலைவழி என்று பயணம் அடங்கிவிடும்.

நம் மாவட்டப் புடவுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்குள்ளவை கிரானைட்டும், நைஸ் என்னும் உருமாறிய பாறையும். சுண்ணாம்புப் பாறையைப் போல் மழைநீரில் கரைந்து இவை சுரங்கமாவதில்லை. நாம் புடவு என்று சொல்பவை பெரும்பாலும் உருண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் இடைவெளிகளே. மழைக்காலத்தில் அந்தப் பாறைகளுக்கு இடையிலுள்ள மண் அரித்துச் செல்லப்படும். அப்போது எந்தக் கல் எதைத் தாங்கி நிற்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதோடு காட்டோரப் புடவுகளில் கரடி தங்கும், பாறைத் தொங்கலில் மலைத்தேனீ கூடு கட்டும். கயிற்றில் தொங்குகிறவனால் தேனீயிடமிருந்து ஓட முடியாது. ஆகவே புடவுக்குள் நுழையும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கயிற்றுப் பயிற்சிக்குத் திறந்த பாறைமுகமே போதும்.

குகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆழம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், மேலே பெய்யும் மழைநீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கேளுங்கள். ஓடை நேராக விழும் துளை ஒன்று. அதே குகைக்குப் பக்கத்தில், நீர் கைவிட்டுப் போன பழைய வறண்ட துளை மற்றொன்று. புதியவர்களுக்கு இரண்டாவதுதான் ஏற்றது. ஒகேனக்கல்லில் நாம் காண்பதும் இதுவே அல்லவா? இங்கே வானம் தெளிந்திருக்கும். குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையால் காவிரியில் வெள்ளம் வந்து பரிசல் ஓட்டத் தடை போடப்படும். குகைக்குள் இருப்பவருக்கு அந்தத் தெளிந்த வானம்கூடக் கண்ணில் படாது. எனவே குகை வாயிலில் மழை பெய்கிறதா என்பதைவிட, அந்தக் குகைக்கு நீர் தரும் மேட்டுநிலம் முழுவதிலும் என்ன பெய்கிறது என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

பதில்: வரப்போரம் (அரூர்)

தம்பி, நான் குகைக்குப் போனவன் அல்லன். ஆனால் மழையையும் கிணற்றையும் வாழ்நாள் முழுவதும் பார்த்து வருகிறவன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது என்று நாங்கள் எண்ணியிருந்த நேரத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வாகனங்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கிறோமே என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. எனவே பருவம் முடிந்துவிட்டது, புயல் கடந்துவிட்டது என்ற பேச்சை வைத்து மட்டும் யாரும் கயிற்றில் இறங்க வேண்டாம். அன்றன்று வரும் அறிவிப்பைப் பாருங்கள்.

பயிற்சிக்கு எனக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் பாறையை வெட்டி எடுத்த பழைய இறவைக் கிணறுகள் வற்றிக் கிடக்கின்றன. வாய் அகலமானவை, ஐம்பது, அறுபது அடி ஆழம் சாதாரணம். சுவர் செங்குத்தாக இருப்பதால், குகைத் துளைக்கு இதைவிட நெருக்கமான இடம் இங்கே கிடைக்காது. நிலத்துக்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். இந்த யோசனை சரிப்படுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில்: செவிலி (தருமபுரி)

பெரியவருக்கு வணக்கம். மழையைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் கிணற்று யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வற்றிய கிணற்றின் அடியில் இலைதழை மக்கி, உயிர்வளி குறைந்து, கரியமில வாயு தேங்கி நிற்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தானாக மேலே ஏறிக் கலைவதில்லை. மழைக்காலத்தில் ஈரமும் மக்கலும் கூடும்போது நிலைமை இன்னும் மோசமாகும். தூர்வார இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கி இருவருமே இறந்துபோகும் செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை போதாது. உயிர்வளி மிகவும் குறைந்த பிறகே சுடர் அணையும். நச்சு வாயு வேறு எது இருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. வாயு அளக்கும் கருவி கையில் இல்லாத எவரும் கிணற்றில் இறங்கக் கூடாது. இது போக, வாய்ப்பகுதியில் அடுக்கிய கல்கட்டு மழையில் ஊறித் தளர்ந்திருக்கும். கயிறு அதில் உரசினால் கல் பெயர்ந்து கீழே இருப்பவர் தலையில் விழும்.

மாற்று என்னவென்று கேட்டால், கிருஷ்ணகிரிச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மாங்கூழ் ஆலைகளை எண்ணிப் பாருங்கள். மாம்பழப் பருவம் ஓய்ந்த பிறகு அவற்றின் உயரமான கொட்டகைகள் பல வெறுமையாகவே இருக்கின்றன. உரிமையாளர் இசைந்து, கட்டடப் பொறியாளர் ஒருவர் இரும்பு உத்தரத்தைப் பார்த்துச் சான்று தந்தால், வெளியே இடியும் மழையுமாக இருக்கும் மாலையிலும் உள்ளே கயிறு கட்டிப் பழகலாம்.

மருத்துவம் சார்ந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹார்னஸில், அதாவது இடுப்பையும் தொடைகளையும் சுற்றிக் கட்டும் பட்டைக் கச்சையில், அசையாமல் தொங்குவது தனி ஆபத்து. கால்களில் இரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைந்து, நல்ல உடல்நிலையில் உள்ளவரும் சில நிமிடங்களில் மயங்கக்கூடும். களைத்து நின்றுவிட்டவர் மேல் நீரும் கொட்டினால் உடல் வெப்பம் விரைவாக இறங்கிவிடும். ஆகவே ஆறு பேரும் கயிற்றின் நடுவில் நின்று, ஏறும் கருவியிலிருந்து இறங்கும் கருவிக்குத் தாமே மாறப் பழகியிருக்க வேண்டும். தொங்குபவரைக் கீழே கொண்டுவரும் முறை குறைந்தது இருவருக்காவது கைவந்திருக்க வேண்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம்; நனைந்தால் காயாமல் உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும்.

தொடர் கேள்வி: மலையடிவாரம் (கிருஷ்ணகிரி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குடியரசு நாள் விடுப்பைப் பற்றி மற்றவர்களிடம் பேசினேன். ஒருவரைத் தவிர எல்லோரும் இசைந்துவிட்டார்கள். இப்போது என் மனத்தில் இருக்கும் ஐயம் வேறு. இவ்வளவு பணம் செலவழித்து, இவ்வளவு தொலைவு சென்ற பிறகு, அன்று காலையில் மேகம் மூடியிருந்தால் என்ன செய்வது? இறங்கலாமா, வேண்டாமா என்று யார், எதை வைத்து முடிவெடுப்பது? இரண்டாவதாக, 25 மீட்டர் இறக்கம் ஒன்று மட்டுமே உள்ள சிறிய குகையாயிற்றே, மழை வந்தால் விரைவாக ஏறி வெளியே வந்துவிடலாம் என்று எங்கள் இளைஞர் ஒருவர் கூறுகிறார். அது சரியான கணக்குதானா?

பதில்: பாறையேறி (ஓசூர்)

சரியான கணக்கு அல்ல, ஐயா. அந்தத் தம்பியை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 25 மீட்டர் கயிற்றில் புதியவர் ஒருவர் ஏறி, விளிம்பைத் தாண்டி, கருவிகளைக் கழற்றி, ‘கயிறு காலி’ என்று குரல் கொடுக்கப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். களைத்தவருக்கு அதைவிடக் கூடும். ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். ஆறு பேருக்கு 72 நிமிடம், உடன்வரும் வழிகாட்டிகளுக்குத் தனி. ஆகக் கடைசியாக ஏறுபவர், மழை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்தும் துளையின் அடியில்தான் நின்றுகொண்டிருப்பார். சிறிய நீர்ப்பிடிப்புள்ள குகையில் வெள்ளம் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க விரும்பினேன்: புதியவர் குழுவின் பாதுகாப்பு இறக்கத்தின் ஆழத்தைவிட ஆள் எண்ணிக்கையையும் ஏறும் வேகத்தையும் பொறுத்தது. ஆறு பேரையும் மூன்று மூன்றாகப் பிரித்து, ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றது வெளியே இருக்குமாறு அமைத்தால் அந்த நேரம் பாதியாகும். வெளியே வானத்தைப் பார்க்கவும் ஆள் இருக்கும்.

முடிவெடுப்பதைப் பொறுத்தவரை, அதை அன்று காலைக்கு ஒத்திப்போடாதீர்கள். கிருஷ்ணகிரியை விட்டுக் கிளம்பும் முன்பே மூன்று திட்டங்களை எழுதி, ஆறு பேரும் ஒப்புக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு நாள்களும் வறண்டு, அன்றைய முன்னறிவிப்பிலும் மழை இல்லையென்றால் கயிற்றுக் குகை. லேசான மழைக்கு வாய்ப்பு இருந்தால், கயிறு தேவைப்படாத, நீரோட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும், கிடையாக நீளும் குகை. சோராவில் விளக்கு போட்டு வைத்திருக்கும் மவ்ஸ்மாய் போன்ற இடமும் அன்றைக்குப் போதும். இடியோ கனமழையோ எச்சரிக்கப்பட்டிருந்தால் நிலத்துக்கு அடியில் எங்கும் நுழைவதில்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால்தான் இந்திய வானிலைத் துறை அதைக் கனமழை என்கிறது. குகைக்கு அதில் ஒரு சிறு பங்கு, ஒரே மணி நேரத்தில் கொட்டினாலே போதும். ஆகவே ‘கனமழை எச்சரிக்கை இல்லை’ என்பதை ‘இறங்கலாம்’ என்று படிக்க வேண்டாம். உள்ளூர் வழிகாட்டி வேண்டாம் என்றால் அதுவே கடைசி முடிவு. அவர் இசைந்தும் உங்களில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அப்போதும் இறங்க வேண்டாம்.

பருவத்தை மட்டும் நம்பக் கூடாது என்று அரூர்ப் பெரியவர் சொன்னதற்குத் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையே சான்று. ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ள ஆபத்து என்று அதன் வாயிலில் பலகை இருந்தது. 2018 ஜூன் 23 அன்று, அதாவது பலகை சொன்ன காலத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் உள்ளே சென்றார்கள். மழை முந்திக்கொண்டது. ஜூலை 2 அன்றுதான் அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கடைசிச் சிறுவன் வெளியே வந்தது ஜூலை 10 அன்று. மீட்புப் பணியில் முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். அனுபவசாலிகளுக்கும் விலக்கில்லை: இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மோஸ்டேல் குகையில் 1967 ஜூன் 24 அன்று, மேலே பெய்த மழையால் நீர் ஏறி ஆறு பேர் இறந்தார்கள்.

உள்ளே இருக்கும்போது தெளிந்திருந்த நீர் கலங்கினாலும், இலையும் நுரையும் மிதந்து வந்தாலும், நீரின் ஓசை கனத்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு உடனே திரும்ப வேண்டும். சுவரில் தலைக்கு மேலே சுள்ளியும் சருகும் செருகிக் கிடந்தால், நீர் அவ்வளவு உயரம் ஏறிய இடம் அது என்று பொருள். வழி ஏற்கெனவே மூழ்கிவிட்டால் நீருக்குள் புகுந்து வெளியேற முயலாமல், அந்தத் தடங்களுக்கு மேலே உயர்ந்த இடத்தில் ஒருவரையொருவர் அணைத்து அமர்ந்து காத்திருப்பதே பெரும்பாலும் உயிரைக் காக்கும். வெளியில் ஒருவரிடம் எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்த நேரம் கடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பதில்: குத்திராயன் நடையர் (தேன்கனிக்கோட்டை)

உள்ளூர்ப் பயிற்சி பற்றி மட்டும் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ நடந்த பிறகு, வனப்பகுதியில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டு, முன் அனுமதி கட்டாயமாகியுள்ளது. எங்கள் பக்கத்து மலைகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது அல்லது அதை ஒட்டியது. ராகி விளையும் காலத்தில், அக்டோபர் தொடங்கிப் பல வாரங்கள், கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இங்கே இறங்கும். அந்த மாதங்களில் காட்டோரப் பாறை எதுவும் வேண்டாம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே பாறையில் துளையிடுவதும் ஆணி அடிப்பதும் குற்றம். பட்டா நிலத்தில் உள்ள பாறைமுகம் ஒன்றை உரிமையாளரின் எழுத்து இசைவோடு தேர்ந்தெடுத்துக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். நம் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடுகிறது; மொட்டைப் பாறை உச்சியில் நிற்பவரை மின்னல் எளிதில் தேடி வரும். நனைந்த பாறையில் படிந்த பாசி காயும் வரை விளிம்புப் பக்கம் போக வேண்டாம்.

தொடர் கேள்வி: மலையடிவாரம் (கிருஷ்ணகிரி)

மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் என் மாமாவிடம் கேட்டேன். பொறியாளர் பார்த்துச் சொன்னால் கொட்டகையைத் தருவதாகக் கூறிவிட்டார். மூன்று பேராகப் பிரிந்து செல்லவும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பயிற்சிக் கயிறு எதை வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள். லாரியில் சரக்குக் கட்டும் நைலான் கயிறு நல்ல கனத்தில் மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: பாறையேறி (ஓசூர்)

லாரிக் கயிற்றைத் தொடவே வேண்டாம், ஐயா. மனிதரின் எடையைத் தாங்கவோ, பற்களுள்ள ஏறும் கருவி கடிக்கவோ அது செய்யப்பட்டதன்று. குகைப் பணிக்கென நெய்யப்பட்ட, குறைவாக நீளும் ஸ்டாடிக் கயிறு வாங்குங்கள்; கயிற்றின் நுனிப் பட்டையில் இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரக்குறியும் ஏ வகை என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். புதியவர்களுக்கு 10 அல்லது 10.5 மில்லிமீட்டர் தடிமன் ஏற்றது. மெல்லிய கயிறு சுமக்க எளிது என்றாலும் பாறையில் உரசினால் விரைவில் தேயும், கையிலும் நில்லாமல் ஓடும். நைலான் நனைந்தால் வலுவில் ஒரு பகுதியை இழக்கும், உராய்வையும் குறைவாகவே தாங்கும். ஆகவே மழை நாள்களுக்கு ஓரளவு தடித்த கயிறே நல்லது.

வாங்கியவுடன் தொட்டித் தண்ணீரில் ஓர் இரவு முழுவதும் ஊறவைத்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்துங்கள். புதுக் கயிறு முதல் நனைவில் சுருங்கும். 30 மீட்டர் என்று கட்டில் எழுதியிருப்பதை நம்பி 28 மீட்டர் துளையில் விட்டால் நுனி தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கக்கூடும். உலர்ந்த பிறகு அளந்து, அந்த அளவை நுனியில் எழுதி வையுங்கள். எவ்வளவு நீளமான கயிறானாலும் கீழ் நுனியில் முடிச்சுப் போடாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். சேறு பட்ட நாளில் கயிற்றோடு ஏறும் கருவியின் பற்களையும் கழுவுங்கள். சேறு அடைத்த பற்கள் கயிற்றைக் கவ்வாமல் வழுக்கும். கொட்டகைப் பயிற்சியின்போது ஒரு மாலை வேண்டுமென்றே கயிற்றை நனைத்து, ஆறு பேரையும் அதில் ஏறி இறங்கச் செய்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் வழிகாட்டியிடம் பேசும்போது நீங்கள் கொடுக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்; உலர்ந்த கயிற்றில் எடுத்ததை அல்ல.